ஒன்றைக் கழித்துவிட்டுப் போடும் கணக்கு

கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. வெளியூரிலிருந்து ஊருக்குள் வரும் ஃபைபர் பெரும்பாலும் ஏதோ ஒரு பாலத்தில் ஏறி இறங்கித்தான் வரும். இரண்டு நிறுவனங்களிடம் தனித்தனியாக லைன் வாங்கி, மாதாமாதம் இரண்டு பில் கட்டி, "நமக்குத்தான் ரெண்டு லைன் இருக்கே" என்று நிம்மதியாக இருக்கும் இடங்களில், இரண்டு கேபிளும் ஒரே பாலத்துச் சுவர் ஓரமாக, பக்கத்துப் பக்கத்துக் குழாயில் கிடப்பது சாதாரணம். பாலத்தை அகலப்படுத்த ஒரு பொக்லைன் வந்தால் போதும், இரண்டும் ஒன்றாகப் போய்விடும்.

டேட்டா சென்டர் நெட்வொர்க்கைத் திட்டமிடும்போது போடவேண்டியதெல்லாம் கழித்தல் கணக்குதான். ஸ்பைன் (எல்லா ரேக்கையும் இணைக்கும் நடு ஸ்விட்ச்) நான்கு, மின்சாரம் இரண்டு வழி, ஏசி மூன்று, லைன் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போவது எளிது. ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துவிட்டு மிச்சத்தில் வண்டி ஓடுமா என்று பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது. இந்தப் பதிவு முழுக்க அந்தக் கணக்குதான். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கம் ஒரு மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எட்டு ரேக் வைக்கும் அறை என்று வைத்துக்கொள்வோம். ரேக்குக்கு 20 சர்வர்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு மூன்று ரேக்தான் என்றால், கீழே வரும் லீஃப் (ரேக்கிலேயே இருக்கும் ஸ்விட்ச்), ஸ்பைன், ஈவிபிஎன் (எந்த மெஷின் எந்த ரேக்கில் என்று ஸ்விட்சுகள் பகிர்ந்துகொள்ளும் முறை) எதுவும் வேண்டாம். நல்ல ஸ்விட்ச் இரண்டை எம்லேக் ஜோடியாக்கி (சர்வருக்கு இரண்டும் ஒரே ஸ்விட்ச் போலத் தெரியும்), எல்லா சர்வரையும் இரண்டிலும் செருகி, வேலையை முடித்துவிடலாம். அந்த அளவுக்கு ஃபேப்ரிக் (லீஃபும் ஸ்பைனும் சேர்ந்த முழு வலை) வாங்கச் சொல்லி யாராவது வந்தால், அது அவருடைய டார்கெட் கணக்கு.

மரமும் வலையும்

பழைய மூன்றடுக்கு நெட்வொர்க் நம் பாசனத்தின் அச்சு அசல். கோர் என்பது கல்லணை மாதிரி. அங்கே பிரிந்து, நடு அடுக்கில் கிளை ஆறாகி, கடைசி அடுக்கில் வாய்க்காலாகி, சர்வர் என்னும் வயலுக்குப் பாயும். போக்கு மேலிருந்து கீழ்தான். பயனர் கேட்கிறார், சர்வர் தருகிறார் என்ற காலத்துக்கு இது போதுமாக இருந்தது.

இன்றைக்குப் போக்குவரத்தில் பெரும்பங்கு சர்வருக்கும் சர்வருக்கும் நடுவில்தான். அப்ளிகேஷன் டேட்டாபேஸைக் கேட்கிறது, டேட்டாபேஸ் ஸ்டோரேஜுக்கு எழுதுகிறது, ஸ்டோரேஜ் இன்னொரு நகல் எடுக்கிறது, ராத்திரி பேக்கப் ஓடுகிறது. மர அமைப்பில் இது எப்படி இருக்கும் என்றால், திருத்துறைப்பூண்டியில் ஒரு வயலிலிருந்து அடுத்த வாய்க்கால் வயலுக்குத் தண்ணீர் போக, கல்லணை வரை ஏறி மறுபடி இறங்கி வருவது போல. போதாக்குறைக்கு, சுற்றுப்பாதை வந்துவிடக்கூடாது என்று ஸ்பேனிங் ட்ரீ பாதி லிங்கை அடைத்தும் வைத்திருக்கும். காசு கொடுத்து வெட்டிய வாய்க்காலில் பாதி எப்போதும் காய்ந்து கிடக்கும்.

லீஃப்-ஸ்பைன் இதை மாற்றுகிறது. ஒவ்வொரு லீஃபும் ஒவ்வொரு ஸ்பைனோடும் சேரும். லீஃபும் லீஃபும் சேராது, ஸ்பைனும் ஸ்பைனும் சேராது. எந்த ரேக்கிலிருந்து எந்த ரேக்குக்குப் போனாலும் ஒரே தூரம்: ஏறி ஒரு ஸ்பைன், இறங்கி ஒரு லீஃப். எல்லா லிங்கும் ஒரே நேரத்தில் ஓடும். யோசனை புதிதல்ல. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்காக சார்லஸ் க்ளோஸ் 1953-ல் எழுதியதுதான்.

இப்போது எண்கள். லீஃப் என்பது 25 ஜி (நொடிக்கு 25 கிகாபிட்) போர்ட் 48, 100 ஜி போர்ட் 8 உள்ள ஸ்விட்ச். ரேக்குக்கு இரண்டு லீஃப். சர்வர் ஒவ்வொன்றும் ஒரு காலை இங்கே, ஒரு காலை அங்கே வைக்கும். அப்படியானால் ஒரு லீஃபில் கீழ்நோக்கி 20 × 25 = 500 ஜி. மேல்நோக்கி 100 ஜி லிங்க் நான்கு, ஆக 400 ஜி. விகிதம் 1.25:1. நன்றாகவே இருக்கிறது.

இந்த நான்கு லிங்கை இரண்டு வகையாகக் கட்டலாம். ஸ்பைன் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு லிங்க். அல்லது ஸ்பைன் நான்கு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு லிங்க். கேபிள் எண்ணிக்கை ஒன்றே, மாட்யூல் (மின் சிக்னலை ஒளியாக்கும் செருகி) எண்ணிக்கை ஒன்றே, படத்தில் விகிதமும் ஒன்றே. ஒரு ஸ்பைனைக் கழியுங்கள். முதல் வகையில் மிச்சம் 200 ஜி, விகிதம் 2.5:1 ஆகிவிடும். இரண்டாவதில் மிச்சம் 300 ஜி, ஏறத்தாழ 1.67:1. ஸ்பைன் ஒன்றில் மென்பொருள் மாற்றுவதும் கழித்தல்தான். அதை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை செய்தே ஆகவேண்டும். நான்கு ஸ்பைன் இருந்தால் அதைப் பகலில் தைரியமாகச் செய்யலாம். இரண்டு மட்டும் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு, பேக்கப் ஓடாத நேரம் பார்த்து, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு செய்யவேண்டும். கூடுதல் ஸ்பைன் இரண்டின் விலையை இந்த ராத்திரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எட்டு ரேக்குக்கு லீஃப் 16, வெளியுலகத்துக்கான பார்டர் லீஃப் 2, ஆக 18. நான்கு ஸ்பைனோடு பெருக்கினால் 72 லிங்க், 144 மாட்யூல். ஸ்பைனில் 32 போர்ட் இருந்தால் 18 நிறையும், 14 மீதி. இன்னும் ஏழு ரேக்குக்கு இடம் உண்டு. மாட்யூலில் ஆறேழு உதிரியாகப் பூட்டி வையுங்கள். சென்னையிலிருந்து வரவழைக்கலாம் என்பது சாலை திறந்திருக்கும் நாட்களுக்கான பேச்சு.

கேபிள், கண்ணாடி, தூசி

பேப்பரில் நெட்வொர்க் அழகாக இருக்கும். கெடுவது பெரும்பாலும் கேபிளில்.

சர்வரிலிருந்து அதே ரேக்கின் லீஃபுக்கு செம்பு டேக் கேபிள் (இரு முனையிலும் செருகி பொருத்தியே வருவது) போதும். விலை குறைவு, சூடு இல்லை. ஆனால் 3 மீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வரும். லீஃபிலிருந்து ஸ்பைனுக்கு மல்டிமோட் ஃபைபர் (குறைந்த தூரத்துக்கானது), எஸ்ஆர்4 மாட்யூல். ஓஎம்4 ரக ஃபைபரில் 100 மீட்டர், ஓஎம்3-ல் 70 மீட்டர் வரை போகும். ஒரு அறைக்குள் இது தாராளம். இதற்கு 12 இழை எம்பிஓ கேபிள் (பல இழை ஒரே முனையில் முடியும்) வேண்டும். அதில் எட்டு இழைதான் வேலை செய்யும். வாங்கும்போது இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: டைப் பி போலாரிட்டி (எந்த இழை எங்கே போய்ச் சேரும் என்ற வரிசை), இரண்டு முனையும் ஊசி இல்லாத பெண் முனை. மாட்யூலில் ஊசி ஏற்கெனவே இருக்கிறது. ஊசியோடு ஊசி மோதினால் மாட்யூலின் முகமே உடையும். டைப் ஏ கேபிள் வந்துவிட்டால் முனை பொருந்தும், லிங்க் எழாது. நாள் முழுக்க மாட்யூலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

லிங்க் எழாததற்கு இன்னொரு வழக்கமான காரணம் எஃப்இசி, அதாவது வழியில் கெட்ட பிட்டுகளைத் திருத்தும் ஏற்பாடு. ஒருபக்கம் ஆர்எஸ் வகை போட்டு, மறுபக்கம் எதுவும் போடாமல் விட்டால், இரண்டு பக்கமும் ஒளி வந்துகொண்டே இருக்கும், லிங்க் மட்டும் வராது. 100 ஜி எஸ்ஆர்4-க்கு ஆர்எஸ்-எஃப்இசி கட்டாயம், நீண்ட தூரத்துக்கான எல்ஆர்4-க்குத் தேவையில்லை. 25 ஜி சர்வர் கார்டுகளில்தான் தொல்லை அதிகம். கார்டு ஒன்றை நினைக்கும், ஸ்விட்ச் வேறொன்றை நினைக்கும். இரண்டு பக்கமும் கையால் எழுதிவிடுவது நல்லது.

புது கேபிளானாலும் செருகும் முன் துடைக்க வேண்டும். கிளிக் பேனா மாதிரி ஒரு துடைப்பான் கிடைக்கிறது, எம்பிஓவுக்குத் தனி, எல்சி என்னும் ஒற்றை இழை முனைக்குத் தனி. சம்பா அறுவடைக் காலத்தில், மெஷின் வயலில் இறங்கினால் வைக்கோல் தூசி ஊரையே மூடும். அந்த வாரங்களில் அறைக்கதவைத் திறந்துவைத்து வேலை செய்யாதீர்கள். நிறுவிய அன்றைக்கே ஒவ்வொரு போர்ட்டிலும் வாங்கும் ஒளியின் அளவை எழுதி வையுங்கள். எஸ்ஆர்4-ல் நான்கு தடம் உண்டு, நான்கும் தனித்தனியாகத் தெரியும். நான்கும் சேர்ந்து இறங்கினால் வளைந்த கேபிளோ சரியாக உட்காராத முனையோ காரணமாக இருக்கும். ஒரே தடம் மட்டும் 2 டிபி (டெசிபல்) இறங்கினால், பெரும்பாலும் அந்த ஒரு இழையில் அழுக்குதான். அன்றைய எண் கையில் இல்லையென்றால் இன்றைய எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது.

எலியைப் பற்றிச் சொல்லாமல் டெல்டாவில் கேபிளைப் பற்றிப் பேசமுடியாது. அறைக்குள் வரும் ஒவ்வொரு குழாய் வாயையும் இரும்பு வலை திணித்து, தீத்தடுப்புப் பசையால் அடையுங்கள். பஞ்சு, தெர்மோகோல் எல்லாம் அதற்குப் படுக்கை. விஷம் வைக்காதீர்கள். தளத்துக்கு அடியில் போய்ச் செத்தால் எந்தப் பலகையைத் தூக்குவது என்று தெரியாமல் ஒரு வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும்.

வழி காட்டுவது யார்

ஸ்பைனுக்கும் லீஃபுக்கும் நடுவில் பிஜிபி (எந்த முகவரிக்கு எது வழி என்று ஸ்விட்சுகள் ஒன்றுக்கொன்று சொல்லும் முறை) ஓட்டுவதுதான் இன்றைய வழக்கம். 2016-ல் வந்த ஆர்எஃப்சி 7938 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதை விரிவாகச் சொல்கிறது. லிங்க் ஒவ்வொன்றுக்கும் /31 (இரண்டே முகவரி உள்ள தொகுதி) கொடுத்தால் 72 லிங்குக்கு 144 முகவரி, ஒரே /24-க்குள் (256 முகவரி) அடங்கும். ஏஎஸ் எண் (பிஜிபியில் ஸ்விட்சின் அடையாள எண்) கொடுக்கும்போது எல்லா ஸ்பைனுக்கும் ஒரே எண், 64512 என்று வைத்துக்கொள்ளுங்கள். லீஃப் ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஸ்பைனுக்கும் தனித்தனி எண் கொடுத்தால், ஒரு லீஃப் செத்தபின் அதன் முகவரியைத் தேடி அப்டேட்கள் ஸ்பைன், லீஃப், மறுபடி ஸ்பைன் என்று கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே எண் என்றால் தன் எண்ணைப் பார்த்ததும் ஸ்பைன் தள்ளிவிடும், பேச்சு அங்கேயே முடியும்.

இங்கே முதல் பொறி. பிஜிபி இயல்பாக ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். பல வழி வேண்டும் என்று சொல்லவேண்டும். சொன்னாலும், ஏஎஸ் பாதை எண்ணுக்கு எண் ஒத்திருந்தால்தான் பல மென்பொருள்கள் அவற்றைச் சமமாக எடுக்கும். ஒரு ரேக்கின் இரண்டு லீஃபுக்கும் வேறு வேறு எண் கொடுத்து, இரண்டும் ஒரே முகவரியை அறிவித்தால், நீளம் சமமாக இருந்தாலும் ஒன்றுதான் தேர்வாகும். ஒரு லீஃப் நிரம்பி வழிய, பக்கத்து லீஃப் சும்மா இருக்கும். நீளம் சமமானால் போதும் என்னும் மல்டிபாத் ரிலாக்ஸ் என்ற ஒரு வரிதான் மருந்து. நெட்வொர்க் வேலை செய்துகொண்டே இருப்பதால் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு ரேக்கின் இரண்டு லீஃபின் மேல்லிங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தால்தான் தெரியும்.

மேலே விஎக்ஸ்லேன் (சர்வரின் பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் சுரங்கம்), அதைக் கட்டி மேய்க்க ஈவிபிஎன். விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் பழைய முறை) எண் 12 பிட், 4094-தான் கைக்கு வரும். விஎக்ஸ்லேனில் 24 பிட், ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல். எட்டு ரேக்குக்கு 4094-ஏ அதிகம் என்பது உண்மை. எண்ணிக்கைக்காக நாம் இதைப் போடவில்லை. ஒரு மெஷின் முகவரி மாறாமல் எந்த ரேக்குக்கும் நகரலாம், கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கான வாசல்) எல்லா லீஃபிலும் இருக்கும், லேயர் 2 சுற்று (பாக்கெட் முடிவில்லாமல் சுற்றுவது) ஒரு ரேக்கைத் தாண்டி வளராது. அதற்காகத்தான்.

ஈபிஜிபியோடு (வேறு வேறு ஏஎஸ் எண்களுக்கு நடுவில் ஓடும் பிஜிபி) ஈவிபிஎன் போடுபவர்கள் தவறாமல் விழும் குழி மூன்று. ஸ்பைன் வழக்கமான ஈபிஜிபி போல நெக்ஸ்ட்-ஹாப்பை (அடுத்து எங்கே அனுப்புவது என்ற முகவரி) தன் முகவரியாக மாற்றிவிடும். மாற்றாதே என்று சொல்லவில்லையென்றால் எல்லாச் சுரங்கமும் ஸ்பைனில் போய் முடியும், அங்கே திறக்க ஆள் இருக்காது. இரண்டாவது, ஸ்பைனில் விஆர்எஃப் (தனி ரூட்டிங் பட்டியல்) இல்லாததால் இந்த ரூட் நமக்கு வேண்டாம் என்று சில மென்பொருள் எறிந்துவிடும். எல்லா ரூட்-டார்கெட்டையும் (ரூட்டை யார் எடுத்துக்கொள்ளவேண்டும் என்ற குறி) வைத்துக்கொள் என்று எழுதவேண்டும். மூன்றாவது, ரூட்-டார்கெட்டைத் தானாக உருவாக்கவிட்டால் அதில் ஏஎஸ் எண் சேரும். லீஃபுக்கு லீஃப் எண் வேறு என்பதால் ஒன்று ஏற்றுமதி செய்வதை இன்னொன்று இறக்குமதி செய்யாது. கையால் எழுதுங்கள்.

அடுத்தது எம்டியு, ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. விஎக்ஸ்லேன் உறை 50 பைட் எடுக்கும். சர்வர் 9000 வைத்திருந்தால் லீஃபும் ஸ்பைனும் 9216 இருக்கட்டும். ஒரே ஒரு லிங்க் 1500-ல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பல ராத்திரி மிச்சம். பிங் போகும். எஸ்எஸ்எச் இணைப்பு தொடங்கும். பெரிய கோப்பை இழுத்தால் தொங்கும். பிஜிபியும் எழும், ஆனால் அண்டை ஸ்விட்ச் முழு ரூட் பட்டியலையும் பெரிய பாக்கெட்டாக அனுப்பும்போது அது தொலையும், ஹோல்டு டைமர் (பதிலுக்குக் காத்திருக்கும் கெடு) தீரும், விழும், மறுபடி எழும். தலைமடையில் தண்ணீர் தளும்பும்போதே கடைமடை காய்கிற கதை. போதாக்குறைக்கு நான்கு வழியில் ஒன்றில் மட்டும் குறை என்றால், நான்கில் ஒரு இணைப்புதான் கெடும். "சில பேருக்கு மட்டும் சில சமயம் வரமாட்டேங்குது" என்ற புகார் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சோதிக்க, துண்டாக்கக்கூடாது என்ற குறியோடு 9022 பைட் பிங் அனுப்புங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து 9050 ஆகும், சர்வரின் 9000-மும் உறையின் 50-மும். ஒரு முறை அனுப்பிப் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு ஸ்விட்சிலிருந்தும் அதன் ஒவ்வொரு லிங்க் முகவரிக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்.

லிங்க் போனதை எவ்வளவு சீக்கிரம் தெரிந்துகொள்வது என்பதில் தேவையில்லாத மோகம் ஒன்று உண்டு. பிஎஃப்டியை (லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி கேட்கும் முறை) 50 மில்லிசெகண்டில் ஓட்டி, சிபியு கொஞ்சம் மூச்சுவிட்டால்கூட நல்ல லிங்கைக் கொன்றுவிடுகிறார்கள். நேரடி ஃபைபரில் ஒளி நின்ற கணமே போர்ட் விழும், அதைவிட வேகமாக பிஎஃப்டி சொல்லப்போவதில்லை. நடுவில் வேறு கருவி இருக்கும் லைன்களில்தான் அது அவசியம். அங்கேயும் 300 மில்லிசெகண்ட், மூன்று முறை போதும்.

இதைவிட முக்கியம், செத்தும் சாகாத லீஃப். மேல்லிங்க் நான்கும் போய், சர்வர் போர்ட்கள் மட்டும் எழுந்து நின்றால், சர்வர் பாதிப் போக்குவரத்தை அந்தக் குழியில் கொட்டிக்கொண்டே இருக்கும். மேல்லிங்க் எல்லாம் போனால் கீழ்ப்போர்ட்டையும் சாத்து என்ற விதி கட்டாயம். ரீபூட்டிலும் இதே கதை தலைகீழாக நடக்கும். சர்வர் போர்ட் சில நொடியில் எழும், பிஜிபி பட்டியல் நிரம்ப இன்னும் நேரமாகும். சர்வர் போர்ட்கள் எழுவதை இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் தள்ளிவையுங்கள். இந்த இரண்டு வரியும் இல்லாத நெட்வொர்க்கில், "ரெண்டு லீஃப் இருந்தும் ஏன் கட் ஆச்சு" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்லமுடியாது.

பராமரிப்புக்கு ஒரு ஸ்பைனை எடுக்கும்போது அப்படியே அணைக்காதீர்கள். மடையை அடைப்பதற்கு முன் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். 2018-ல் வந்த ஆர்எஃப்சி 8326 சொல்லும் கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் குறி, 65535:0 என்ற கம்யூனிட்டி (ரூட்டில் ஒட்டும் சீட்டு), அதற்குத்தான். அதைக் கண்டால் முன்னுரிமையைக் குறைக்கவேண்டும் என்ற விதியை மற்ற ஸ்விட்சுகளில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். ஸ்பைனின் எல்லாப் போர்ட்டிலும் போக்குவரத்து வற்றியதைக் கண்ணால் பார்த்தபின்தான் கை வைக்கவேண்டும்.

மின்சாரம், சூடு, ஈரம்

கழித்தல் கணக்கு அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். ஒரு ரேக்கில் 20 சர்வர், ஒன்று 350 வாட் என்றால் 7000 வாட். ஸ்விட்சுகளுக்கு 600. மொத்தம் 7600 வாட், 230 வோல்ட்டில் 33 ஆம்பியர். ரேக்கில் 32 ஆம்பியர் ஒற்றைப் ஃபேஸ் பிடியு (ரேக்குக்குள் மின்சாரத்தைப் பிரிக்கும் பட்டை) இரண்டு, ஏ, பி. சாதாரண நாளில் ஒவ்வொன்றும் 16.5 ஆம்பியர் காட்டும். பாதிதான் ஓடுகிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஏ பக்க யுபிஎஸ் நின்ற அன்றைக்கு முழு 33-ம் பியின் தலையில் விழும். 32 ஆம்பியர் வரம்பைத் தாண்டிவிட்ட அதன் பிரேக்கர் எந்நேரமும் விழலாம், விழுந்தால் ரேக் முழுக்க இருட்டு. இரண்டு மின்வழி இருந்தும் இருட்டு. ஒவ்வொரு பிடியுவிலும் 40 சதவீதத்துக்கு மேல் காட்டக்கூடாது என்பது இதற்காகத்தான். ஒன்று போனால் மற்றது 80-ல் நிற்கும். இந்த ரேக்குக்கு மூன்று ஃபேஸ் 32 ஆம்பியர் பிடியு போட்டால் கணக்கு நிம்மதியாக உட்காரும். மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரித்துச் செருகினால்தான்.

எட்டு ரேக்குக்கு ஏறத்தாழ 61 கிலோவாட் சூடு. ஒரு டன் குளிர்ச்சி 3.5 கிலோவாட், ஆக 17 டன்னுக்குச் சற்று மேல். 9 டன் மெஷின் மூன்று வைத்தால் ஒன்று போனாலும் 18 மிஞ்சும். வீட்டு ஏசிகளை வரிசையாக மாட்டி இந்த எண்ணைக் கூட்டிவிடலாம் என்று நினைக்கவேண்டாம். நம்மூர் ஈரத்தில் அவற்றின் சக்தியில் ஒரு பங்கு காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிவதிலேயே போய்விடும். கரன்ட் போய் ஜெனரேட்டர் வந்தபின் அவற்றில் பல தானாக எழாது. எழுந்தாலும் கம்ப்ரசர் மூன்று நிமிடம் காத்திருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் 61 கிலோவாட் அடைத்த அறையை என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆஷ்ரே (குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கம்) பரிந்துரை 18 முதல் 27 டிகிரி, பனிநிலை (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) 15 டிகிரிக்குள், ஈரப்பதம் அரிக்கும் வாயு குறைந்த இடத்தில் 70 சதவீதத்துக்குள், அதிகம் என்றால் 50-க்குள். டெல்டாவில் டிகிரியைப் பிடிப்பது சுலபம், ஈரத்தைப் பிடிப்பதுதான் பாடு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பும் சேரும். வெளிக்காற்றை நேரே உள்ளே இழுக்கும் எந்த ஏற்பாடும் அங்கே வேண்டாம். ஸ்விட்ச் வாங்கும்போது காற்று எந்தப் பக்கம் போகும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். லீஃப் பொதுவாக ரேக்கின் பின்புறம், சர்வர் போர்ட்களோடு சேர்ந்து இருக்கும். அப்போது காற்று மின்பெட்டிப் பக்கம் நுழைந்து போர்ட் பக்கம் வெளியேற வேண்டும். மாறிப்போனால் ஸ்விட்ச் எந்நேரமும் சூடான காற்றையே குடிக்கும். மாட்யூல்கள் ஒவ்வொன்றாகச் சாகும், காரணம் தெரியாமலே மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

அறை எந்த மாடியில்? தரைத்தளம் வேண்டாம், ஐப்பசியில் வடிகால் எதிர்த்து ஏறும் ஊர்கள் இவை. மேல்தளமும் வேண்டாம், மொட்டைமாடி ஒழுகும், கோடையில் கொதிக்கும். நடுமாடிதான் சரி. பேட்டரியின் எடையைத் தளம் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஜெனரேட்டர் கீழேதான் இருக்கும், அதன் மேடையும் டீசல் பம்பும் பேனலும் வெள்ளம் வந்த அடையாளத்துக்கு மேலே இருக்கட்டும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. டீசல் கையிருப்பை மணியில் கணக்கிடுவது சென்னைப் பழக்கம். கடற்கரைப் பக்கம் நாளில் கணக்கிடவேண்டும்.

இடி பற்றி ஒரே விதி: கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் செம்பு கேபிள் கூடாது. இரண்டு கட்டடத்து எர்த்தும் இடி விழும் கணத்தில் ஒரே மட்டத்தில் இருக்காது. அந்த வித்தியாசம் உங்கள் ஸ்விட்ச் வழியாகத்தான் பாயும். ஃபைபர் போடுங்கள். இரும்புக் கவசம் உள்ள ஃபைபர் என்றால் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே கவசத்தை வெட்டி எர்த்தோடு சேர்க்கவேண்டும். எல்லாரும் மறப்பது மொட்டைமாடிக் கேமரா. அது பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போவது) செம்பு வழியே நேரே உள்ளே இறங்கும். கேமராக்களுக்கு மாடியிலேயே தனியாக ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து, அங்கிருந்து கீழே ஃபைபரில் இறக்குங்கள். போனால் அந்தச் சின்னது போகட்டும். எர்த் குழியின் மின்தடையைக் கோடையில் அளக்கச் சொல்லுங்கள். மழையில் நனைந்த மண் எல்லாக் குழிக்கும் நல்ல மார்க் போட்டுவிடும்.

வெளியே போகும் வழி

பாலத்துக்குத் திரும்புவோம். லைன் விற்பவரிடம் வேகத்தைக் கேட்கும் முன் பாதை வரைபடம் கேளுங்கள், எந்தெந்தப் பாலம், எங்கே தரைக்கடியில், எங்கே கம்பத்தில் என்று. தஞ்சாவூர் என்றால் ஒன்று திருச்சி வழியாக மேற்கே, இன்னொன்று கும்பகோணம் வழியாகக் கிழக்கே. நாகப்பட்டினம் என்றால் ஒன்று திருவாரூர் வழியாக மேற்கே, இன்னொன்று சீர்காழி தாண்டிக் கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே. இரண்டும் கம்பத்தில் வந்தால் புயலுக்கு அவை ஒரே லைன். கட்டடத்துக்குள் நுழைவதும் இரண்டு வேறு பக்கமாக இருக்கட்டும், வாசலில் தோண்டும் குடிநீர்க் குழாய்க்காரருக்கு இரண்டு கம்பெனி என்பது தெரியாது.

சென்னையில் இரண்டாவது மையம் வைத்து எல்லாவற்றையும் உடனுக்குடன் நகலெடுக்கலாம் என்பார்கள். ஒளி ஃபைபரில் நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். தஞ்சாவூரிலிருந்து சென்னை சாலைவழி 340 கிலோமீட்டர் அளவு. போய்வர 3.4 மில்லிசெகண்ட், அதுவும் நேர்க்கோட்டில் கருவி எதுவும் நடுவில் இல்லாமல். ஒவ்வொரு எழுத்துக்கும் இவ்வளவு காத்திருக்க பல டேட்டாபேஸ்களுக்குப் பொறுமை இருக்காது. சில நொடி பின்தங்கிய நகலே நடைமுறை. அந்தச் சில நொடித் தரவு போனால் பரவாயில்லையா என்பதை நெட்வொர்க்காரர் முடிவு செய்யக்கூடாது, நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஃபேப்ரிக் முழுதாக விழுந்தாலும் உள்ளே போக ஒரு கொல்லைப்புற வழி வேண்டும். எல்லா ஸ்விட்சின் கன்சோலும் (நெட்வொர்க் இல்லாமலே ஸ்விட்சுக்குள் போகும் போர்ட்) ஒரு கன்சோல் சர்வரில், அதற்குத் தனி மேலாண்மை ஸ்விட்ச், வெளியே போக 4ஜி மோடம். லாகின் சரிபார்க்கும் சர்வரும் டிஎன்எஸ்ஸும் அதே ஃபேப்ரிக்குக்குள் இருந்தால் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது போல. ஒவ்வொரு ஸ்விட்சிலும் உள்ளூர்ப் பயனர் ஒன்று, கடவுச்சொல் உறையில், உறை பெட்டியில். லாக் 180 நாள் வைத்திருப்பதும், கடிகாரத்தை அரசு அமைப்புகளான என்ஐசி அல்லது என்பிஎல் நேரத்தோடு ஒத்துவைப்பதும் 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவிட்டது. உத்தரவு இல்லாவிட்டாலும் செய்யவேண்டியதே. இரண்டு ஸ்விட்சின் கடிகாரம் நாலு நொடி விலகினால் எது முதலில் விழுந்தது என்பதைப் பிறகு ஜோசியம்தான் பார்க்கவேண்டும்.

கழித்தல் கணக்கைப் பேப்பரில் போட்டால் போதாது, கையாலும் கழித்துப் பார்க்கவேண்டும். புரட்டாசி சரியான மாதம், அடைமழைக்கு முன். ஒரு ஞாயிறு காலை, வரிசையாக: முதலில் ஒரு ஸ்பைன், தண்ணீரைத் திருப்பிவிட்டு அல்ல, நேரே மின்சாரத்தைப் பிடுங்கி. அடுத்து ஒரு லீஃப். பிறகு ஒரு ஏ பக்கப் பிடியு. பிறகு ஒரு ஏசி, அரைமணி நேரம். கடைசியாக ஒரு வெளி லைன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்: எத்தனை பிங் தவறும், பி பிடியு எத்தனை ஆம்பியருக்கு ஏறும், எந்த ரேக்கின் வெப்பம் எவ்வளவு கூடும். பிறகு பிடுங்குங்கள். நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள், பழைய எண்ணை அடிக்காமல். ஒன்று திரும்ப வந்து, பிஜிபி அண்டைகள் எல்லாம் எழுந்து, மேல்லிங்க் நான்கிலும் போக்குவரத்து பழையபடி சமமானபின்தான் அடுத்ததில் கை வைக்கவேண்டும். அதற்குப் பத்து நிமிடம் ஆனாலும் பொறுங்கள். அந்தப் பத்து நிமிடத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த புரட்டாசிக்கு ஒப்பிட.